சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. கேஸில் ஓடும் வெந்நீர் பாய்லரை வீட்டுக்காரரே எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், பாதிக்கு மேல் சரியான யோசனைகள்தான். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் குழாயின் முனையில் ஒரு பிளக்கைப் போட்டு இறுக்கிவிடுங்கள், என் வீட்டில் 2 வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.

தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் பேப்பரை அப்படியே வைத்துவிட்டுப் போய் பாய்லரை நிறுத்துங்கள். நன்றாக ஆறட்டும். பிளக்கை நீங்களே கழற்றாமல் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் 20 வருஷத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருப்பவன். மாணவர் விடுதி ஒன்றில் பாய்லரின் அடிப்பக்கத்தில் கேஸ்கெட் (இணைப்பு கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் பட்டை) ஒழுகுகிறது என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒழுகியது உண்மைதான், ஆனால் என் கண் போனது அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜுக்கு. 3 பாரில் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) சிவப்புக் கோடு, முள் அதைத் தாண்டி நின்றது. 3 பாரில் திறந்து தண்ணீரைக் கொட்டியிருக்க வேண்டிய சேஃப்டி வால்வு பக்கத்திலேயே இருந்தது, அதன் குழாயில் ஒரு சொட்டு இல்லை. குனிந்து பார்த்தேன். குழாய் முனையில் பித்தளை பிளக், வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி ரெஞ்சு போட்டு இறுக்கியிருந்தார்கள். கீழே தரையில் முன்பு சொட்டிய இடத்தில் உப்பு படிந்து ஒரு வெள்ளை வட்டம். கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, எல்லாரையும் அந்த அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, முள் இறங்கும்வரை காத்திருந்தோம். அங்கிருந்த பராமரிப்பாளர், "தரை தினமும் நனைஞ்சுது சார், யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்கன்னுதான் அடைச்சேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்கறையில் செய்த வேலைதான் அது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது, நைந்துபோய் அழுத்தத்தைக் கசியவிட்ட அந்தப் பழைய கேஸ்கெட்.

வால்வு ஏன் சொட்டியது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அதை யாருமே கேட்பதில்லை. தண்ணீர் சூடானால் விரியும். 20 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். மூடிய குழாய்ச் சுற்றில் அந்த இடத்தைக் கொடுப்பதற்குத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க் என்ற உருளை இருக்கிறது. உள்ளே நடுவில் ஒரு ரப்பர், அதன் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் விரிந்தால் காற்று அமுங்கி இடம் கொடுக்கும். அந்த ரப்பர் கிழிந்தாலோ காற்று இறங்கிவிட்டாலோ டேங்க் முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும், இடம் கொடுக்க ஆளில்லை, பர்னர் எரிய எரிய அழுத்தம் விறுவிறுவென்று ஏறும், வால்வு திறக்கும். அந்த விடுதியில் டேங்கைத் தட்டிப் பார்த்தேன், மேலும் கீழும் ஒரே மாதிரி மொத்தென்று சத்தம். காற்றடிக்கும் முனையின் மூடியைக் கழற்றி ஊசியை அழுத்தினால் விரலில் துருத் தண்ணீர் வந்தது. காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை, டேங்க் போய்விட்டது. டேங்கையும் மாற்றினோம், வால்வையும் மாற்றினோம், சொட்டு நின்றது. இத்தனை நாள் அந்த வால்வு சொல்லிக்கொண்டிருந்த சேதி இதுதான்.

சொட்டுக்கு இது ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை. புதுத் தண்ணீர் ஏற்றும் வால்வைக் கெட்டியாக மூடிவிட்டுக் கேஜைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். சூடாகும்போது மட்டும் முள் ஏறி, ஆறினதும் பழைய இடத்துக்கு வந்தால் டேங்கைச் சந்தேகப்படுங்கள். மூடியதும் ஏறுவது நின்றுவிட்டால் அந்த ஏற்றும் வால்வே உள்ளுக்குள் கசிந்து தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கிறது. மூடியும், பாய்லர் அணைந்து ஆறிக் கிடக்கும்போதும் ராத்திரியில் முள் மெல்ல ஏறினால் விஷயம் வேறு, வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஓட்டை விழுந்து, குடிநீர்க் குழாயின் அழுத்தம் பாய்லர் பக்கம் வருகிறது. அழுத்தம் ஒன்றரை பாரைத் தாண்டாமலே சொட்டினால்தான் வால்வு மூடி உட்காருகிற இடத்தில் தூசோ உப்போ சிக்கியிருக்கிறது என்று சொல்லலாம், அப்போதுதான் வால்வு குற்றவாளி. அதற்கும் மருந்து புது வால்வுதானே தவிர பிளக் இல்லை.

சரி, 2 வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்கிறாரே அந்த வாசகர்? ஆகாதுதான், தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும். சூடு போதும் என்றதும் அது பர்னரை அணைக்கிறது. அது தவறினால் இன்னும் கொஞ்சம் மேலே ஹை-லிமிட் ஸ்விட்ச் அணைக்கும். அதுவும் சிக்கிக்கொண்டால் அல்லது கேஸ் வால்வு மூடாமல் நின்றுவிட்டால், மின்சாரமோ வயரோ எதுவும் தேவைப்படாமல் ஒரு ஸ்பிரிங்கை நம்பி வேலை செய்கிற கடைசிக் காவல் அந்த சேஃப்டி வால்வு. அவர் வீட்டில் அந்தக் கடைசிக் காவல் இல்லை, மற்ற இரண்டும் ஒரே நாளில் கெடவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

கெட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 3 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்போது சுமார் 143 டிகிரிவரை கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். அந்த நிலையில் பாய்லரில் எங்காவது ஓர் இணைப்பு பிரிந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விழும், உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த நொடியிலேயே ஆவியாகும், ஆவியாகிற தண்ணீர் தன் அளவைப்போல 1,600 மடங்குக்கு மேல் விரியும். கூரையைப் பிய்த்துக்கொண்டு பாய்லர் பறப்பது இதனால்தான். கேஸ் வெடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, சுடுதண்ணீரே போதும்.

இதோடு பிறந்த இன்னொரு தப்பு பாதுகாப்பு ஸ்விட்சுகளுக்குக் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போடுவது. இதை நான் பிளக்கைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன், செய்தவர்களில் எங்கள் தொழில்காரர்களும் உண்டு என்பதால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு கட்டடத்தில் பாய்லர் அறைக்கு அடுத்த அறையில் படுக்கும் காவலாளிக்குத் தினமும் காலையில் தலைவலி, குமட்டல். வெளியே வந்து ஒரு மணி நேரம் நடந்தால் சரியாகிவிடும். காய்ச்சல் இல்லை. தூக்கம் போதவில்லை என்று அவரே நினைத்துக்கொண்டு மாத்திரை போட்டு வந்திருக்கிறார். வருஷ சர்வீஸுக்கென்று போனவன் பாய்லரை ஓட்டிப் பார்த்தேன், தீ மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. பர்னருக்கு மேலே உள்ள தகட்டில் கை வைத்தால் கரி ஒட்டியது. உடனே அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, அவரை வெளியே உட்காரச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினோம். அப்புறம் மூடியைத் திறந்தேன். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பினால் பர்னரை அணைக்கும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, அதன் இரண்டு முனைகளையும் விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்று இணைத்திருந்தது. அந்த ஸ்விட்ச் அடிக்கடி பாய்லரை நிறுத்தியிருக்கிறது, வெந்நீர் வரவில்லை என்று புகார் வந்திருக்கிறது, யாரோ வந்து 'சரிசெய்துவிட்டு' போயிருக்கிறார். மாடிக்குப் போய்ப் புகைக்குழாயின் தொப்பியைக் கழற்றினால் உள்ளே பறவைக் கூடு, இரண்டு கை நிறையச் சுள்ளி வந்தது. ஸ்விட்ச் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுசாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். புகை போக வழியில்லை என்றாலோ, பாய்லர் அறையின் காற்று வழியில் பழைய அட்டைப்பெட்டியை அடுக்கிவைத்தாலோ, பக்கத்து அறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக் காற்றை இழுத்தாலோ தீ அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போலக் காய்ச்சலில்லாத தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்தால், உணவைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பாய்லரைச் சந்தேகப்படுங்கள். தீ நீலமாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். மஞ்சள் தீ கெட்ட அறிகுறி என்பது சரி, ஆனால் நீலத் தீ நல்ல சான்றிதழ் இல்லை, கண்ணால் அதை அளக்க முடியாது. தூங்கும் இடத்துக்கு அருகில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். அதன் பொத்தானை அழுத்தினால் கத்துகிறதே என்று அதோடு விட்டுவிடக்கூடாது, பெரும்பாலானவற்றில் பொத்தான் சோதிப்பது பேட்டரியையும் சத்தத்தையும்தான், வாயுவை உணரும் பாகத்துக்கு ஆயுள் தனி. பின்பக்கம் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

ரீசெட் பட்டனும் இதே கதைதான். தீப்பிடிக்காமல் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு லாக்-அவுட் ஆகி நின்றால் சிலர் பத்துத் தடவை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தீப்பிடிக்காத கேஸ் கொஞ்சம் உள்ளே போய்த் தங்கும், பதினோராவது தடவை பொறி விழும்போது அத்தனையும் சேர்ந்து பற்றும். முன்கதவே வளைந்துபோன பாய்லரைப் பார்த்திருக்கிறேன். கேஸ் வாசனை துளிகூட இல்லையென்றால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், மறுபடி நின்றால் கையை எடுத்துவிடுங்கள். பல நேரம் காரணம் சின்னதுதான்: தீ இருக்கிறதா என்று உணரும் கம்பியின்மேல் மெல்லிய படலம் படிந்திருக்கும், அதன் வழியே போகிற மின்னோட்டம் வெறும் மைக்ரோ ஆம்பியர் கணக்கு, படலம் அதைத் தடுத்துவிடும். நைஸான ஸ்டீல் ஊலால் தேய்த்துத் துடைத்தால் தீர்ந்தது. இதைப் பார்க்காமல் கண்ட்ரோல் போர்டையே மாற்றிய வீடுகளும் இருக்கின்றன.

அப்படியானால் வீட்டுக்காரர் என்னதான் செய்யலாம்? நிறையச் செய்யலாம். வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கேஜைப் பாருங்கள், ஆறியிருக்கும்போது முள் எங்கே, சூடாக இருக்கும்போது எங்கே என்று சுவரில் ஒரு தாளைத் தொங்கவிட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். சின்ன பாய்லர்களில் ஆறியிருக்கும்போது பெரும்பாலும் 1 முதல் ஒன்றரை பார் இருக்கும், உங்கள் பாய்லரின் பெயர்த் தகட்டிலும் கையேட்டிலும் இருப்பதே கணக்கு. மூடிய சுற்றில் தண்ணீர் குறையவே கூடாது. மாதா மாதம் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் புது ஆக்சிஜனும் புது உப்பும் உள்ளே போகின்றன, ஒன்று துருவாகும், இன்னொன்று படிவாகும். கெட்டில் கொதிக்கிற மாதிரி பாய்லருக்குள் குமுறல் கேட்டால் அந்தப் படிவு, தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஏறிவிட்டது. தண்ணீர் வற்றிக் காய்ந்துபோன பாய்லர் என்று தெரிந்தால் அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை விடாதீர்கள், அணைத்துவிட்டுத் தானாக ஆறவிடுங்கள், சுட்டுக் கிடக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசலும் விழும், குபீரென்று ஆவியும் கிளம்பும். பெயிண்ட், தின்னர், துணி எதையும் அந்த அறையில் வைக்காதீர்கள்.

மூடியைக் கழற்றும் வேலை பயிற்சியும் அனுமதியும் உள்ளவருக்கு. அதற்காக ஆள் வந்தார், துடைத்தார், கையெழுத்து வாங்கினார், போனார் என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள், நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மூடியைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்தி, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டோ அட்டையோ மாட்டினாரா? பர்னரையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் சுத்தம் செய்தபின் பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்தாரா, புதுசா? எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றைத் தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தை முழுசாக இறக்கிவிட்டு அளந்தாரா? இறக்காமல் அளந்தால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான், அந்த அளவு ஒன்றுக்கும் உதவாது. கேஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாரா? (தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுகிற ஆளைக் கண்டால் உடனே வெளியே அனுப்புங்கள்.) புகை குளிர்ந்து தண்ணீராக வெளியேறுகிற புது வகை பாய்லராக இருந்தால், அந்த அமிலத் தண்ணீர் போகும் டிராப்பை (தண்ணீர் தேங்கி நின்று புகையைத் தடுக்கும் வளைவை) கழுவினபின் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தாரா? அது காலியாக இருந்தால் புகை அந்த வழியாகவே அறைக்குள் வரும். கடைசியாக, புகைக்குழாயில் புகையை அளக்கும் கருவியான அனலைசரை வைத்துக் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று எடுத்து எழுதிக் கொடுத்தாரா? இந்தத் தாள் இல்லாத சர்வீஸைச் சர்வீஸ் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அனலைசர் கையில் இல்லாமல் பர்னரின் காற்றையும் கேஸையும் திருகி 'தீயை அழகாக்குவது' எங்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம்.

அந்த வாசகர் சொன்ன இன்னொன்றையும் தொட்டுவிடுகிறேன். வெந்நீர்த் தொட்டியின் சூட்டை 45 டிகிரிக்குக் குறைத்தால் கேஸ் மிச்சம் என்கிறார். மிச்சம்தான், ஆனால் லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரிவரை உள்ள தண்ணீரில்தான் பெருகும், நுரையீரலைத் தாக்கும். அதனால் தொட்டியில் 60 டிகிரி வைப்பதுதான் முறை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடியில் தோலைச் சுட்டுவிடும், குழந்தைகளும் வயசானவர்களும் இருக்கும் இடத்தில் குழாய்க்கு முன்னால் குளிர்ந்த தண்ணீர் கலந்துவிடும் மிக்ஸிங் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேஸ் வாசனை வந்தால் என்ன செய்வது என்பது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறோம், ஆனால் பதற்றத்தில் கை முதலில் போவது லைட் ஸ்விட்சுக்குத்தான். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். வெளியேறுகிற வழியில் இருந்தால் மெயின் வால்வை மூடுங்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், போனை வெளியே வந்தபின் எடுங்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறும். சிலிண்டர் கேஸ் கனமானது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும், அடித்தளத்தில் பாய்லர் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. அந்த நாற்றமே கேஸுக்கு இயல்பாக இருப்பதில்லை, நாம் சேர்ப்பது. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் மணமில்லாத எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் வாசனை சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அத்தனை உயிரைக் கொடுத்து வாங்கிய எச்சரிக்கை அந்த நாற்றம். சேஃப்டி வால்வும், அந்த ஸ்விட்சுகளும் அதே மாதிரிதான் வந்திருக்கின்றன.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிளக் போடச் சொன்ன அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். அந்தக் கடிதத்தை வெட்டி யாராவது பாய்லர் அறைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், இதையும் வெட்டிப் பக்கத்தில் ஒட்டட்டும்.

கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு: ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்த வாரமே ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். பாய்லரை அணைத்து, கேஸை மூடி, கேஜில் அழுத்தம் இறங்கி, கையால் தொடும் அளவுக்கு ஆறினபின் பிளக்கை எடுக்கச் சொல்லுங்கள். 2 வருஷம் அடைபட்டுக் கிடந்த வால்வை நம்ப வேண்டாம், உங்கள் பாய்லரின் தகட்டில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கும் திறனுக்கும் பொருந்துகிற புது வால்வைப் போடச் சொல்லுங்கள். அதன் குழாய் எந்த இடத்திலும் குறுகாமல், நடுவில் எந்த வால்வும் இல்லாமல், யார் மேலும் சுடுதண்ணீர் படாத இடத்தில் கீழ்நோக்கித் தரைக்கருகே முடியட்டும். அப்புறம் எக்ஸ்பான்ஷன் டேங்கின் ஊசியை ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அங்கே தண்ணீர்தான் வரும்.

இப்படிக்கு,
பாய்லர் பராமரிப்பு மெக்கானிக் ஒருவர்